மின்சுற்றுப் பலகையில் வெள்ளிப்பூச்சு: கறுத்தலும் அரிமானமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடங்களைக் காக்கும் மேற்பூச்சாக வெள்ளி 1990களின் நடுவில் பரவத் தொடங்கியது. ஈயத்தை விலக்கிய ஐரோப்பிய ஆணை 2006இல் நடைமுறைக்கு வந்தபின் அதன் பயன்பாடு பெருகியது. உடனேயே கந்தகக் காற்று நிலவும் இடங்களில் பலகைகள் பழுதடைந்தன. இப்பழுதுகளின் வேர்கள் பெரும்பாலும் 1955 முதல் 1985 வரையிலான தொலைபேசித்துறை ஆய்வுகளில் முன்னரே அறியப்பட்டவை என்பதையும், வெள்ளியின்மீது சுமத்தப்பட்ட பழியில் பெரும்பகுதி அதன் அடியிலிருந்த செம்புக்கும் பலகையின் செய்முறைக்கும் உரியது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வெள்ளிப்பூச்சு, மின்சுற்றுப் பலகை, வெள்ளி சல்ஃபைடு, ஊர் அரிமானம், அயனிப் பெயர்ச்சி, ஈயமற்ற பற்றாசு

முன்னுரை

வெள்ளிப் பாத்திரம் புழங்கும் இல்லங்களில், விளக்கிவைத்த குத்துவிளக்கு சில மாதங்களில் மஞ்சளித்து, பின் பழுப்பேறி, இறுதியில் கறுத்துவிடுவது அறிந்த செய்தியே. திருநீற்றால் தேய்த்தால் கறுப்பு அகன்று வெண்மை மீளும். விளக்கின் உலோகம் தடித்தது. ஒவ்வொரு தேய்ப்பிலும் இழப்பது கண்ணுக்குத் தெரியாத அளவே. மின்சுற்றுப் பலகையின் மேலுள்ள வெள்ளிக்கு இந்த வசதி இல்லை. அதன் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரில் எட்டில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே இருக்கும். அங்கே கறுப்பைத் தேய்த்தெடுத்தால் வெள்ளியே போய்விடும்.

இவ்வளவு மெல்லிய படலத்தின்மீது கணினி, தொலைத்தொடர்புக் கருவி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றின் ஆயுள் ஏன் ஒப்படைக்கப்பட்டது, அது எங்கே தவறியது, தவறியபோது காரணம் எவ்வாறு தேடப்பட்டது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

கறுப்பின் இயல்பு

வெள்ளி தூய காற்றில் துருப்பிடிப்பதில்லை. அறைவெப்பநிலையில் ஆக்சிஜன் அதனை ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை. அதற்குப் பகை கந்தகம். ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பனைல் சல்ஃபைடு, தனிமக் கந்தகத்தின் ஆவி ஆகியவற்றுள் எது பட்டாலும் மேற்பரப்பில் வெள்ளி சல்ஃபைடு உண்டாகிறது. படலம் மிக மெலிதாக உள்ளபோது ஒளிக்குறுக்கீட்டால் மஞ்சளாகவும், தடிக்கத் தடிக்கப் பழுப்பாகவும் நீலமாகவும், முடிவில் கறுப்பாகவும் தோன்றும். எனவே நிறம் தோராயமான தடிமன் அளவியாகவும் பயன்படுகிறது.

இந்தக் கறுப்புப் பொருளுக்கு அறிவியல் வரலாற்றில் தனியிடம் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1833இல் வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கியபோது, உலோகங்களுக்கு நேர்மாறாக, அதன் மின்கடத்துதிறன் வெப்பத்தோடு கூடுவதைக் கண்டார். பின்னாளில் குறைகடத்தி எனப் பெயர்பெற்ற பொருள்வகையின் பண்பைப் பதிவுசெய்த முதல் நோக்கீடாக இது கருதப்படுகிறது. குறைகடத்திகளைத் தாங்கும் பலகைகளைப் பின்னர் வருத்திய கறை, தானே ஒரு குறைகடத்தியாக இருந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

நடைமுறையில் இதன் பொருள் வேறு. செம்பின் ஆக்சைடுபோல வெள்ளி சல்ஃபைடு முழுமையாக மின்சாரத்தைத் தடுப்பதில்லை. மென்மையானதாகையால் அழுத்தமுள்ள தொடுமுனை அதனைக் கிழித்து உள்ளே செல்லும். ஆகவே மின்னோட்டமும் அழுத்தமும் மிக்க இடங்களில் கறுத்த வெள்ளி பெருந்தொல்லை தரவில்லை. மில்லிவோல்ட் அளவில் இயங்கும் மென்தொடுமுனைகளில்தான் சிக்கல் எழுந்தது.

அச்சுச் சுற்றின் தொடக்கத்திலேயே வெள்ளி

மின்சுற்றுப் பலகை என்றவுடன் செம்புத் தகடே நினைவுக்கு வரும். ஆயினும் அச்சிட்ட சுற்றின் தொடக்கக் கிளைகளுள் ஒன்று வெள்ளியிலிருந்தே கிளைத்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், இலக்கை அணுகியவுடன் தானே வெடிக்கச் செய்யும் அண்மை உணர்வெரியைச் சிறிய மோட்டார்க் குண்டுகளுக்குள் அடக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்த சென்ட்ரலாப் நிறுவனம், பீங்கான் தகட்டின்மீது வெள்ளிப் பசையைத் திரை அச்சுமுறையில் பதித்துச் சுட்டு, கம்பிகளின் வேலையை அதனிடமே விட்டது. அமெரிக்கத் தேசியத் தர அமைவகத்தைச் சேர்ந்த கிளிடோ புரூனெட்டி, ரோஜர் கர்ட்டிஸ் ஆகியோர் 1947இல் வெளியிட்ட அச்சுச் சுற்று நுட்பங்கள் பற்றிய சுற்றறிக்கையில் வெள்ளிப் பூச்சுகளுக்குச் சிறப்பிடம் தரப்பட்டிருந்தது.

குண்டோடு வெடித்துச் சிதறும் சுற்றுக்கு நீண்ட ஆயுள் பற்றிய கவலை இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் இயங்கவேண்டிய கருவிக்கு அக்கவலை உண்டு. அதனை முதலில் எதிர்கொண்டது தொலைபேசித்துறை.

தொலைபேசி நிலையங்களின் பட்டறிவு

தொலைபேசி நிலையம் ஒன்றில் இலட்சக்கணக்கான ரிலே தொடுமுனைகள் இருக்கும். அவை நாற்பது ஆண்டுவரை உழைக்கும் என்ற எதிர்பார்ப்புடன் அமைக்கப்பட்டவை. பெரும்பகுதியில் வெள்ளியோ பல்லேடியமோ பயன்பட்டது. அங்கே தோன்றிய பழுதுகளைப் பெல் ஆய்வகத்தினர் பொறுமையோடு பின்தொடர்ந்தனர். பின்னாளைய பலகைச் சிக்கல்களுக்கு உரிய விடைகளில் பல அவர்களின் தாள்களில் முன்னரே இருந்தன.

அவற்றுள் முதலாவது அயனிப் பெயர்ச்சி. ஜி. டி. கோமன், எச். டபிள்யூ. ஹெர்மன்ஸ், ஜி. எச். டவுன்ஸ் ஆகிய மூவரும் 1955இல் பெல் நிறுவனத் தொழில்நுட்ப இதழில் வெளியிட்ட கட்டுரை இதன் அடிப்படை நூலாக இன்றும் சுட்டப்படுகிறது. வெள்ளி முனைகளுக்கு இடையே காப்புப்பொருள் ஈரத்தை உறிஞ்சியிருக்க, நேர்மின்னழுத்தமும் தொடர்ந்து நிலவினால், நேர்மின்வாயிலுள்ள வெள்ளி அயனியாகக் கரைந்து நகர்ந்து எதிர்மின்வாயில் படிகிறது. அப்படிவு மரக்கிளைபோலக் கிளைத்துத் திரும்பி நேர்மின்வாயை நோக்கி வளர்ந்து, இரண்டையும் இணைத்துவிடுகிறது. மற்றப் பொது உலோகங்களை நோக்க வெள்ளியில் இது மிக எளிதாக நிகழ்கிறது. அதன் அயனி நீரில் நிலைத்திருப்பதும், அதனைத் தடுக்கும் இறுகிய ஆக்சைடுப் படலம் உருவாகாமையும் காரணங்கள். கந்தகம் இதற்குத் தேவையே இல்லை. நீரும் மின்னழுத்தமும் போதும்.

இரண்டாவது கண்டறிவு ஐந்தாண்டுகள் கழித்து வந்தது. டி. எஃப். ஈகன், ஏ. மெண்டிஸா ஆகியோர் 1960இல், வெள்ளியின்மீது தோன்றிய சல்ஃபைடு தன் இடத்திலேயே நில்லாமல், அடுத்துள்ள பொன்னின் மேற்பரப்பில் ஊர்ந்து பரவுவதை விளக்கினர். பொன் கறுக்காது என நம்பி அதனைப் பூசியவர்களுக்கு, அடியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்த வெள்ளியின் கறுப்பு பொன்னை மூடிக்கொள்வது எதிர்பாராத செய்தியாக இருந்தது. அரிமான விளைபொருள் ‘ஊரும்’ என்ற கருத்து இக்காலத்திலிருந்தே அத்துறையின் சொல்வழக்கில் உண்டு. 2006க்குப் பின் இதனை முற்றிலும் புதிய நோயெனப் பலர் எழுதியது வரலாற்று மறதியே.

மூன்றாவது, விண்வெளி, வானூர்தித் துறைகளில் 1960களில் அறியப்பட்ட ‘செங்கொள்ளை’. வெள்ளி பூசிய செம்புக் கம்பியில் பூச்சு எங்கேனும் கீறியோ நுண்துளையுற்றோ இருந்து, அங்கே ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால், வெளிப்பட்ட செம்பு விரைந்து அரிக்கப்பட்டுச் செந்நிறக் குப்ரஸ் ஆக்சைடாகிறது. இங்கு அழிவது வெள்ளி அன்று. வெள்ளி செம்பைவிட உயர்குடி உலோகம். ஈரப்படலத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும்போது செம்பு நேர்மின்வாயாகித் தன்னைக் கொடுக்கிறது. பரந்த வெள்ளிப் பரப்பும் சிறிய செம்பு வாயிலும் அமைந்தால், தாக்குதல் முழுவதும் அச்சிறு வாயிலில் குவிகிறது. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் நிகழ்ச்சிகளின் பெரும்பகுதி எளிதில் விளங்கும்.

காற்றிலுள்ள எந்தக் கந்தகச் சேர்மம் வெள்ளியைக் கறுக்கச் செய்கிறது என்ற வினாவுக்கு 1980களில் தெளிவு பிறந்தது. தாமஸ் கிரேடலும் அவர்தம் பெல் ஆய்வகத் தோழர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஹைட்ரஜன் சல்ஃபைடோடு கார்பனைல் சல்ஃபைடும் வெள்ளியை விரைந்து தாக்குவதைக் காட்டினர்; கந்தக டையாக்சைடின் பங்கு மிகக் குறைவு. கார்பனைல் சல்ஃபைடு உலகெங்கும் காற்றில் நூறுகோடியில் அரைப்பங்கு அளவில் பரவியிருப்பது. ஆலையோ சாக்கடையோ இல்லாத ஊரிலும் வெள்ளி ஏன் கறுக்கிறது என்பதற்கு இது விடையாயிற்று.

மெல்லிய வெள்ளி பலகைக்கு வந்த வரலாறு

பலகையின் செம்பைப் பற்றவைக்கும் நாள்வரை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க ஒரு மேற்பூச்சு வேண்டும். 1980களிலும் 1990களிலும் ஓங்கியிருந்தது, பலகையை உருகிய வெள்ளீய-ஈயக் கலவையில் முக்கியெடுத்து, சூடான காற்றால் மிகுதியை ஊதித்தள்ளும் முறை. மலிவானது, பற்றாசின்மீது பற்றாசு எளிதில் ஒட்டும். ஆனால் மேற்பரப்பு மேடுபள்ளமாக அமையும். நுண்பாகங்களின் கால்கள் நெருங்க நெருங்க இம்மேடுபள்ளம் பொறுக்க இயலாததாயிற்று. மாற்றாக வந்த நிக்கல்-பொன் பூச்சு விலை மிகுந்தது. கரும்திண்டு எனப்பட்ட தனிக்குறை அதற்கும் உண்டு. கரிமப் பாதுகாப்புப் படலம் மலிவானதே. எனினும் சோதனை ஊசிகளால் அதனைத் துளைத்துத் தொடுவது கடினமாக இருந்தது.

இவ்விடைவெளியை நிரப்ப 1990களின் நடுவில் முக்கு வெள்ளிப் பூச்சு வணிகத்துக்கு வந்தது. மின்சாரம் வேண்டாத முறை இது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் செம்புப் பலகையை முக்கினால், செம்பு அணு ஒன்று கரைந்து இரண்டு வெள்ளி அணுக்களுக்கு இடம்தரும். செம்பு முழுவதும் மூடப்பட்டவுடன் வினை தானாகத் தணியும். சில நிமிடங்களில் சமதளமான, வெண்ணிறமான, எளிதில் பற்றவைக்கக்கூடிய பரப்புக் கிடைக்கிறது. கறுத்தலைத் தாமதப்படுத்தக் கரிமத் தடுப்பிகளும் உடன்படிந்தன.

பட்டறைத் தளத்தில் முதலில் எழுந்த புகார் நிறத்தைப் பற்றியது. கந்தகமுள்ள தாளில் சுற்றியதும், ரப்பர் வளையமிட்டுக் கட்டியதும், வெறுங்கையால் தொட்டதும் மஞ்சள் கறைகளைத் தந்தன. வாங்குவோர் பலகைகளைத் திருப்பியனுப்பினர். இளமஞ்சள் பூத்த வெள்ளி பெரும்பாலும் பழுதின்றிப் பற்றாசை ஏற்கும் என்று செய்வோர் வாதிட்டனர். அது பொதுவாக உண்மையே. தீர்வாகக் கந்தகமற்ற இடைத்தாளும், இறுக மூடிய உறையும், கையுறையும் வழக்கத்துக்கு வந்தன. நிறம் பற்றிய இவ்வழக்கில் செலவிட்ட கவனத்தில் ஒரு பகுதியேனும் பூச்சின் விளிம்புக்குச் சென்றிருந்தால் பின்னாள் இழப்புகள் குறைந்திருக்கும் எனலாம்.

தடிமன் பற்றிய தரநிலை 2005இல் ஐபிசி-4553 என்னும் பெயரில் வந்தது. அது மெல்லிய வெள்ளி, தடித்த வெள்ளி என இரண்டையும் ஏற்றது: முன்னதற்குக் குறைந்த அளவு 0.05 மைக்ரோமீட்டர், பின்னதற்கு 0.12. 2009ஆம் ஆண்டின் திருத்தத்தில் மெல்லிய வகை நீக்கப்பட்டது, 0.12 கீழெல்லையாகவும் 0.4 மேலெல்லையாகவும் வகுக்கப்பட்டன. கீழெல்லையைப் போலவே மேலெல்லைக்கும் காரணமுண்டு. வெள்ளி தடிக்கவேண்டுமாயின் செம்பு கூடுதலாகக் கரையவேண்டும்; அக்கரைசல் எங்கே நிகழ்கிறது என்பதே பெருங்கேள்வி.

2006 சூலைக்குப் பின்

ஆபத்தான பொருள்களைக் கட்டுப்படுத்தும் 2002/95 எண்ணுள்ள ஐரோப்பிய ஆணை 2006 சூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. மின்னணுக் கருவிகளின் ஒவ்வொரு சீரான பொருளிலும் ஈயம் 0.1 விழுக்காட்டைத் தாண்டலாகாது. வழங்கிக் கணினிகளின் பற்றாசுக்கு விலக்களிக்கப்பட்டிருந்தபோதும், உலகச் சந்தைக்கு ஒரே பலகையைச் செய்யும் தொழில் முழுமையும் திசைமாறியது. 183 பாகை செல்சியசில் உருகிய பழைய பற்றாசின் இடத்தில் 217 பாகையில் உருகத் தொடங்கும் வெள்ளீய-வெள்ளி-செம்புக் கலவை வந்தது. ஈயம் கலந்த பூச்சும் போயிற்று. முக்கு வெள்ளிக்கு வாசல் திறந்தது.

பழுதுச் செய்திகள் ஏறத்தாழ உடனே வந்தன. ஆணை முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே, 2005இல், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்வோர் எச்சரித்திருந்தனர். 2006இல் பால் மசூர்கியேவிச், கந்தக வாயு மிக்க தொழிற்கூடங்களில் பலகைகள் விரைந்து அரிக்கப்படுவதைப் பழுதாய்வு மாநாடொன்றில் விளக்கினார். 2007இல் ரேண்டி ஷூல்லர் ஈயமற்ற பலகைகளில் ஊர் அரிமானம் பற்றிய கட்டுரையை மேற்பரப்புப் பொருத்தத் தொழில்நுட்பச் சங்கத்தின் மாநாட்டில் அளித்தார். காகித ஆலை, டயர் முதலிய ரப்பர் பொருள்கள் செய்யுமிடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், உர ஆலை ஆகிய இடங்கள் பட்டியலில் இருந்ததில் வியப்பில்லை. வியப்பளித்தது கார் வடிவமைப்புக்கூடம். அங்கே கலைஞர்கள் புதுக் காரின் உருவத்தை முழு அளவில் களிமண்ணில் வடிப்பர். அக்களிமண் மண்ணன்று, மெழுகும் எண்ணெயும் கலந்து, நிரப்பியாகக் கந்தகத்தைக் கொண்டது. மென்மையாக்க அதனைச் சூடாக்குவர். புகையில்லை, ஆலையில்லை, குளிரூட்டிய தூய அறை. ஆயினும் அங்கிருந்த கணினிகள் சில மாதங்களிலேயே செயலிழந்தன.

இங்குத் தொழில்துறைக்கு மற்றொரு சங்கடமும் இருந்தது. 1980களில் பேட்டல் ஆய்வகம் வகுத்த கலப்பு வாயுச் சோதனைகளை இப்பலகைகள் பெரும்பாலும் கடந்துவந்தவை. அச்சோதனைகள் இணைப்பிகளின் பொன்பூச்சை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. களத்தில் கண்ட சேதத்தைப் புதிய பூச்சுகளில் அவை மீளக் காட்டவில்லை. ஷூல்லர் எளிய வழியொன்றைக் கையாண்டார்: அதே கந்தகக் களிமண்ணை நீர் சேர்த்து நுண்ணலை அடுப்பில் சூடாக்கி, மூடிய கலத்தில் பலகையோடு வைத்தார். களத்தில் கண்ட கறுப்பு ஆய்வகத்திலும் தோன்றியது. பெருஞ்செலவில் அமைந்த வாயுக்கூடம் சொல்லாததை ஒரு களிமண் உருண்டை சொல்லியது.

அழிந்தது எது?

சேதமுற்ற பலகைகளின் தோற்றம் ஒரே வகையாக இருந்தது. வெள்ளித் திண்டுகளின் ஓரத்திலிருந்து கறுத்த பொருள், காப்பாக அமைந்த பச்சைப் பூச்சின்மீது இலைநரம்புபோலப் பரவி, பக்கத்துத் திண்டையோ துளையையோ எட்டியிருந்தது. ‘வெள்ளிப் பலகை கறுத்தது’ என்ற பேச்சு எங்கும் பரவியது. ஆனால் அக்கறுப்பைப் பகுத்தாய்ந்தபோது அதில் மிகுதியாக இருந்தது செம்பு சல்ஃபைடு. வெள்ளி சல்ஃபைடும் இருந்தது. எனினும் ஊர்ந்து சென்று குறுக்கிணைப்பை உண்டாக்கிய பொருளின் பெரும்பங்கு செம்பே.

வெள்ளியால் மூடப்பட்ட செம்பு எங்கிருந்து வெளிவந்தது? விடை விளிம்பில் கிடைத்தது. பலகைமீது பற்றாசு பரவாமல் தடுக்கும் பச்சைப் பூச்சு, திண்டின் ஓரத்தில் செம்பின்மீது சிறிது ஏறிநிற்கும். ஒட்டுதல் சரியாக அமையாவிடில் அதன் அடியில் மயிரிழை போன்ற இடுக்கு உண்டாகும். பலகையை வெள்ளிக் கரைசலில் முக்கும்போது அவ்விடுக்கினுள் கரைசல் நுழையும். ஆனால் புதிய வெள்ளி அயனி போதிய அளவு உள்ளே வருவதில்லை. வெளியே பரந்த பரப்பில் வெள்ளி படிய, அதற்கு ஈடாக வேண்டிய எலக்ட்ரான்களை இடுக்கிலுள்ள செம்பு கரைந்து தருகிறது. விளைவாக ஓரத்தில் பள்ளம் விழுகிறது. அப்பள்ளத்தில் வெள்ளியும் படிவதில்லை. மெல்லிய தடமாயின் முற்றிலும் அறுந்துபோவதும் உண்டு. வெள்ளியைத் தடிமனாக்க நெடுநேரம் முக்கினால் இக்கேடு கூடும். மேலெல்லை வகுத்ததன் காரணம் இதுவே.

இவ்வாறு பலகை பிறக்கும்போதே, பரந்த வெள்ளிக்குப் பக்கத்தில் வெளிப்பட்ட சிறு செம்பு வாயிலும் உடன்பிறக்கிறது. செங்கொள்ளையில் கண்ட அதே அமைப்பு. கந்தகமும் ஈரமும் உள்ள காற்றில் அச்செம்பு தாக்கப்படுகிறது. வெள்ளியின் துணையால் தாக்குதல் விரைகிறது. விளைந்த செம்பு சல்ஃபைடு பச்சைப் பூச்சின்மீது ஊர்கிறது. வெள்ளிக்கு இதில் பங்கில்லை என்று கூறல் தகாது. அது தன் உயர்குடித் தன்மையால் அண்டைச் செம்பை அழிவுக்குத் தள்ளுகிறது. ஆனால் கறுத்து ஊர்ந்த பொருளுக்கு வெள்ளியே முழு மூலம் என்ற கருத்து தவறு. சரியாக ஒட்டிய பச்சைப் பூச்சும் அளவான தடிமனும் கொண்ட வெள்ளிப் பலகைகள் அதே காற்றில் பெரிதும் தாக்குப்பிடித்தன.

மூன்றாம் காரணி பற்றவைப்பில் பயன்படும் ஃப்ளக்ஸ் என்னும் இளக்கி. இளக்கியின் கரிம அமில எச்சம் தங்கிய பலகைகளில் ஊர்தல் மிகுவதையும், எச்சத்தின் வகைக்கேற்ப அது வேறுபடுவதையும், மின்னணு உற்பத்தியாளர் கூட்டமைப்பான ஐநெமி நடத்திய நெடுநாள் திட்டம் காட்டியது. பழுதிலும் ஒரு புதிர் இருந்தது. செம்பு சல்ஃபைட்டின் மின்தடை உலர்ந்தபோது உயர்வு. ஈரம் கூடும்போது தாழ்வு. ஆகவே கணினி களத்தில் அடிக்கடி நின்றுபோகும். உலர்ந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் நன்றாக இயங்கும். பழுதில்லை எனத் திருப்பியனுப்பினால் மறுபடியும் நிற்கும். பழுதுபார்ப்போர் இதனால் பட்ட அலைச்சல் சிறிதன்று.

நடைமுறை மாற்றங்கள் விரைந்து வந்தன. கணினித் தொழிலில் பெரும்பகுதி கரிமப் பாதுகாப்புப் படலத்துக்குத் திரும்பியது. பாகம் பொருத்தாத சோதனைத் திண்டுகளிலும் துளைகளிலும் பற்றாசுப் பசையை அச்சிட்டு வெறும் செம்பு வெளிப்படாமல் மூடினர். ஏனெனில் கரிமப் படலம் பற்றவைப்பின் வெப்பத்தில் பெரிதும் குலைந்துவிடும். மூடாத செம்பு அங்கும் அரிக்கும். ஈயத்தை விலக்கியபோது, பழைய வெள்ளீய-ஈயப் பூச்சு தன் தடிமனால் ஓசையின்றிச் செய்துவந்த காவலும் உடன்விலகியது. இக்காவலை முன்பு எவரும் கணக்கில் எழுதவில்லை.

பலகைக்கு மேலே உள்ள வெள்ளி

பூச்சை மாற்றியதோடு வெள்ளியின் தொல்லை தீரவில்லை. பலகைமீது பற்றவைக்கப்படும் சிறு மின்தடையங்களின் உள்முனையும் வெள்ளிப் பசையால் ஆனதே. அதன்மேல் நிக்கலும் வெள்ளீயமும் பூசப்பட்டிருக்கும். கண்ணாடிக் காப்புக்கும் அப்பூச்சுக்கும் இடையிலுள்ள மயிரிழைச் சந்தில் கந்தக வாயு புகும். உள்ளே வெள்ளி முழுவதும் சல்ஃபைடாக மாறினால் மின்தடை ஏறி, இறுதியில் இணைப்பு அறும். இங்கு அழிவது உண்மையிலேயே வெள்ளிதான். வெள்ளியோடு பல்லேடியம் மிகுத்துச் சேர்த்த கந்தகம் தாங்கும் மின்தடையங்கள் இதற்கு மாற்றாயின. விலை மட்டும் கூடியது.

அளவுகோலாக வெள்ளி

காற்றின் தூய்மையை அளக்கும் வழிமுறையிலும் இந்நிகழ்ச்சிகள் மாற்றம் கொணர்ந்தன. ஐஎஸ்ஏ அமைப்பின் 71.04 தரநிலை 1985இல் வந்தபோது, செம்புத் தகட்டை ஒரு மாதம் தொங்கவிட்டு, அதன்மீது படிந்த அரிமானத் தடிமனால் காற்றை வகைப்படுத்தியது. 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ் இருந்தால் மென்மையான சூழல். தரவு மையங்களில் பழுதுகள் கூடியபின் அமெரிக்க வெப்ப, குளிரூட்டுப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், செம்போடு வெள்ளித் தகட்டையும் தொங்கவிடுமாறு பரிந்துரைத்தது. 2013இல் திருத்தப்பெற்ற ஐஎஸ்ஏ தரநிலையும் வெள்ளியைச் சேர்த்து, மென்மையான சூழலுக்கு மாதம் 200 ஆங்ஸ்ட்ராம் என்ற எல்லையை வகுத்தது.

இவ்வெல்லையைப் பலகைப் பூச்சோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது. வெள்ளி சல்ஃபைடாகும்போது பருமன் ஏறத்தாழ 1.67 மடங்காகிறது. எனவே 200 ஆங்ஸ்ட்ராம் சல்ஃபைடு உண்டாக 120 ஆங்ஸ்ட்ராம் வெள்ளி செலவாகும். 0.12 மைக்ரோமீட்டர் என்பது 1,200 ஆங்ஸ்ட்ராம். அதாவது, மென்மையானது எனத் தரநிலை ஏற்கும் காற்றின் மேல்விளிம்பில், பற்றாசு மூடாத குறைந்தபட்ச வெள்ளிப் பூச்சு பத்தே மாதங்களில் முழுவதும் சல்ஃபைடாகக்கூடும். 2005இல் ஏற்கப்பட்ட 0.05 மைக்ரோமீட்டர் பூச்சாயின் நான்கு மாதங்களில். இது தோராயக் கணக்கு. தடுப்பிகளையும் காற்றோட்டத்தையும் இது கருதவில்லை. ஆயினும் முக்கு வெள்ளி பற்றவைப்புவரை செம்பைக் காக்கும் உறையே ஒழிய, கருவியின் வாழ்நாள் முழுவதும் காக்கும் கவசமன்று என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

செம்பைத் தவிர வெள்ளியும் ஏன் வேண்டும் என்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. செம்பின் அரிமானம் ஈரப்பதத்தோடு வெகுவாக ஏறியிறங்கும். வெள்ளியின் கறுத்தல் ஈரத்தை அவ்வளவு பொருட்படுத்துவதில்லை. செம்புத் தகடு மட்டும் இருந்தால், உலர்ந்த அறையிலுள்ள கந்தகம் கண்ணில் படாமல் போகலாம். இரண்டையும் அடுத்தடுத்துத் தொங்கவிட்டால், வந்த வாயு எது, ஈரம் எவ்வளவு துணைசெய்தது என்பதைப் பிரித்தறியலாம். கணினிப் பலகைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து பூச்சாக விலக்கப்பட்ட வெள்ளி, அக்கணினிகள் நிற்கும் அறைகளில் சிறு தகடாக இன்று தொங்குகிறது. மாதந்தோறும் எடுத்து, அதன் கறுப்பை மின்வேதி முறையில் ஒடுக்கி அளக்கின்றனர்.